முதலில் பத்திரத்தைக் கேட்ட சர்வேயர்

ஒரு சர்வேயரை நான் சிபாரிசு செய்தால், நிலம் அளக்க ஆள் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அவர்கிட்ட டிஜிபிஎஸ் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் செயற்கைக்கோளை வைத்து இடம் குறிக்கிற அந்த மெஷினுக்காக அவரைக் கூப்பிட வேண்டாம். சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் இருந்துகொண்டு இதை நான் விளக்கத் தேவையில்லை: ஸ்கேன் மெஷின் எத்தனை கோடி ஆனாலும் படம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

காட்பாடிப் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற சர்வேயரும் அவருடைய அக்கா மகனும் சேர்ந்து நிலம் அளந்து கொடுக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றிய என் மதிப்பீடு இது. பெயரும் நம்பரும் போடவில்லை. "போட்டா ஃபோன் ஓயாதும்மா, எனக்கு சுகர் வேற" என்று அவரே தடுத்துவிட்டார்.

என்னைப் பற்றி ஒரு வரி. சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷத்துக்கு மேல் தட்டச்சு வேலை பார்த்தவள் நான். முதலில் தட்டச்சுப் பொறி, பிறகு கம்ப்யூட்டர். சொத்து விவரம் என்கிற அந்தக் கடைசிப் பத்தியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. அதனால் என்னிடம் யாரும் எல்லை விஷயத்தில் பூச்சாண்டி காட்ட முடியாது. அந்த நினைப்போடுதான் இவரையும் பார்க்கப் போனேன்.

அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகிற பக்கம் எங்கள் அப்பா வாங்கிய புஞ்சை. முள்ளுக்கத்திரியும் கொஞ்சம் கேழ்வரகும் போட்ட நிலம். 1968 கிரையப் பத்திரத்தில் 62 சென்ட். பட்டாவில் 0.24.0 ஹெக்டேர், அதாவது 24 ஏர்ஸ். ஓர் ஏர்ஸ் 2.47 சென்ட் என்று கணக்குப் போட்டால் 59.3 சென்ட்தான் வருகிறது. மீதி 2.7 சென்ட் எங்கே? கிழக்குப் பக்கத்துக்காரர் வரப்பைத் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டுவிட்டார் என்பது என் தம்பியின் தீர்ப்பு. 2.7 சென்ட் என்பது சுமார் 1,176 சதுர அடி. கிழக்கு வரப்பு 210 அடி நீளம். வகுத்தால் ஐந்தரை அடி அகலத்துக்கு ஒரு துண்டு. இந்த ஐந்தரை அடிக்காகத்தான் இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பொங்கலுக்குக் கூடப் பேச்சு கிடையாது.

இவருக்கு முன்னால், ஒரு புரோக்கர் மூலமாக ஒரு பையன் வந்தான். கையில் செல்போன், அதில் ஓர் ஆப். பத்திரத்தின் நகலை வாங்கி நடந்துகொண்டே படித்தான். எங்கள் பத்திரத்தில் எல்லை இப்படி இருக்கும்:

"சின்னப்பன் வகையறா நிலத்துக்கும் மேற்கு, ஏரி வரத்துக் கால்வாய்க்கும் வடக்கு, கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதைக்கும் கிழக்கு, கோவிந்தன் மனைக்கட்டுக்கும் தெற்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை ஏக்கர் 0-62 சென்ட்."

பழைய பத்திரம் படித்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. சின்னப்பன் நிலத்துக்கு மேற்கே நாம் இருக்கிறோம். ஆகவே சின்னப்பன் நமக்குக் கிழக்கே. பக்கத்துச் சொத்தில் நின்றுகொண்டு நம் சொத்தைப் பார்க்கிற எழுத்து அது. இப்போது வருகிற பத்திரங்களில் "கிழக்கில்: இன்னார் நிலம்" என்று நேராகவே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பையன் புதிய முறையில் பழைய பத்திரத்தைப் படித்தான். சின்னப்பனை மேற்கே வைத்தான், வண்டிப்பாதையைக் கிழக்கே தேடினான். "மேடம், வடக்கால கால்வாய் இருக்கணுமே, காணோமே" என்று என்னையே கேட்டான். நாலு திசையும் தலைகீழ். அதற்குமேல் அவன் போன் காட்டிய புள்ளியை நான் எதற்கு நம்ப வேண்டும்? செல்போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஐந்து மீட்டர் என்றால் பதினாறு அடி. எங்கள் சண்டையே ஐந்தரை அடிக்கு. டீ குடிக்கக் காசு கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர் போனில் என்னிடம் இடம் எங்கே என்று கூடக் கேட்கவில்லை. "மூலப்பத்திரம், பாகப்பிரிவினை இருந்தா அது, பட்டா, உங்க நம்பரோட எஃப்எம்பி, சுத்தி இருக்கிற நம்பரோட எஃப்எம்பி. எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். சுற்றி இருக்கிறவர்களுடையது எதற்கு என்றேன். "உங்க வேலி அவங்களுக்கும் வேலிதானேம்மா. ஒரே கோட்டை ரெண்டு படத்துல ரெண்டு நீளமா போட்டிருந்தா?" என்றார். எஃப்எம்பி என்கிற புல வரைபடமும் பட்டாவும் இப்போது இணையத்தில் கிடைப்பதால் அதில் கஷ்டமில்லை.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். நடுவில் எழுந்து கூடப் போகவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நான் மார்க் போடுகிறேன். அவர் கேட்டவை எதுவும் நில அளவைக் கேள்வி மாதிரியே இல்லை. சின்னப்பன் வகையறாவில் இப்போது யார் இருக்கிறார்கள்? அவர்கள் விற்றார்களா, பாகம் பிரித்தார்களா? வண்டிப்பாதை அன்றைக்கு மாட்டுவண்டிப் பாதையா, இன்றைக்கு டிராக்டர் போகிறதா? கால்வாய்க்குக் கரை இருந்ததா? கடைசியாக, "1968-ல இந்த 62-ஐ யார் அளந்தது?" என்றார். யார் அளந்திருப்பார்கள்? நான் அடித்த பத்திரங்களில் பாதிக்கு விற்கிறவர் வாயால் சொன்ன சென்ட்தான் அளவு. "ஏறத்தாழ" என்றொரு சொல்லைப் பக்கத்தில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாவட்டத்தின் பெயர் மாறியிருந்ததைக் கூட விரல் வைத்துக் காட்டினார். 1968-இல் வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்துபோன பிறகு எழுதியதில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இப்போது வேலூர். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் போனதில் ஆம்பூரில் இருக்கிற என் நாத்தனாருக்கும் எனக்கும் வேறு வேறு கலெக்டர். நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. ஆனால் வில்லங்கம் போடும்போது பழைய பெயரும் பழைய சார்பதிவகமும் தெரியாவிட்டால் பாதி வரலாறு கைக்கு வராது.

பிறகு எஃப்எம்பியை விரித்தார். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சுற்றுக் கோடு ஒன்று; உள்ளே மூலைக்கு மூலை போகிற நேர்கோடு; அந்த நேர்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கிளம்பி ஒவ்வொரு வளைவையும் தொடுகிற சின்னக் கோடுகள். நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வந்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினால் கல் இருக்கும் என்பதை எண்ணாலேயே எழுதி வைத்திருப்பார்கள். அன்றைக்குச் சங்கிலியும் குறுக்குக்கட்டையும் வைத்துக்கொண்டு அளந்ததை இன்றைக்கும் திருப்பி நிலத்தில் இறக்கிவிடலாம். நம் ஆட்கள் இதை ஜெராக்ஸ் எடுத்து ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். 1:2000 அளவுப் படத்தில் பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் தரையில் அது ஒரு மீட்டர். ஜெராக்ஸ் மெஷின் சுருக்குவதும் விரிப்பதும் தனி. "படத்தை அளக்காதீங்க, படத்துல எழுதியிருக்கிற நம்பரைப் படிங்க" என்று அக்கா மகனுக்கே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி. என் அப்பா வைத்திருந்த பழைய நகலில் கிழக்குக் கோட்டுக்கு 318 என்று இருந்தது. புதியதில் 64.0. தம்பி உடனே, "பாருங்க சார், 318 அடி இருந்ததை 64 ஆக்கிட்டான்" என்று குதித்தான். அவர் பேனாவைக் கூட எடுக்கவில்லை. பழையது லிங்க்ஸ் கணக்கு. 66 அடிச் சங்கிலியை நூறாகப் பிரித்தால் ஒரு லிங்க்ஸ், 0.66 அடி. 318 லிங்க்ஸ் என்றால் 210 அடிக்குச் சொச்சம் குறைவு, மீட்டரில் 64. இரண்டும் ஒரே நீளம். கிழக்குக் கோட்டின் நீளம் மாறவே இல்லை என்பது திண்ணையிலேயே தெரிந்துவிட்டது. தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அளக்க வந்த அன்று காலை ஆறரைக்கே வந்துவிட்டார்கள். மெஷினை இறக்குவதற்கு முன்னால் கடப்பாரையும் மண்வெட்டியும் கேட்டார். கல் தேடினார்கள். எங்கள் நிலத்து மூலைக்கல்லை மட்டும் நம்பி அவர் அளப்பதில்லை. பக்கத்து நம்பர்களில் பழைய சர்க்கார் கல் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் தோண்டி, கல்லுக்கும் கல்லுக்கும் இடைத்தூரத்தை எஃப்எம்பியோடு ஒத்துப்பார்க்கிறார். மூன்று கல்லாவது ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அதற்குமேல் வேலை. கிடைத்தவற்றில் ஒன்று வேப்பமரத்தடியில் முழங்கால் ஆழத்தில் இருந்தது. கால்வாய் ஓரம் ஒன்று லேசாகச் சாய்ந்து இருந்தது. இன்னொன்று, கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. தலையில் கொத்திய குறி அப்படியே இருந்தது, சோப்பு நுரையோடு. சர்க்கார் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். அது யார் வீட்டுக் கிணறு என்று நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா மகனின் ரோவர், அதாவது டிஜிபிஎஸ்ஸில் கழியோடு கையில் தூக்கிப் போகிற கருவி, வெளியே வந்தது. பேஸ் என்கிற நகராத கருவி ஒன்றை நிறுத்தி, கழியைக் கல்லின் தலையில் வைத்துப் புள்ளி எடுத்தான். ஓரிரு சென்டிமீட்டருக்குள் பிடித்துவிடும் என்றான். வேப்பமரத்துக்கு அடியில் மட்டும் அது அடம்பிடித்தது. மாமா ஸ்டீல் டேப்பை எடுத்து வெளியிலிருந்து இழுத்து முடித்தார். மாமனுக்கும் மருமகனுக்கும் இதில் ஒரு செல்லச் சண்டை ஓடிக்கொண்டே இருந்தது, பார்க்க நன்றாக இருந்தது.

முடிவு இதுதான். கல்லுக்குக் கல் பிடித்தால் நிலம் 59.3 சென்ட், பட்டாவில் உள்ளபடி. கிழக்கு வரப்பு சரியான இடத்தில் இருக்கிறது. அப்படியானால் பத்திரத்து 62? தெற்கே கால்வாய் ஓரம் நிலத்தின் நீளம் 123 அடி. கால்வாய்க்கு எங்கள் பக்கத்துக் கரை ஒன்பதரை அடி அகலம். அந்தக் கரையையும் சேர்த்துப் பெருக்கினால் காணாமல் போன 2.7 சென்ட் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடுகிறது. விற்றவர் தண்ணீர் ஓரம் வரைக்கும் காலடி வைத்துச் சொல்லியிருப்பார் என்பது சர்வேயரின் ஊகம். ஆனால் கரை கால்வாயோடு சேர்ந்தது. எஃப்எம்பியில் கால்வாய்க்குத் தனி நம்பர், கரையும் அதற்குள்தான். புறம்போக்கு. "உங்க பத்திரமே 'கால்வாய்க்கு வடக்கு'ன்னுதான் சொல்லுது. கால்வாய் வரைக்கும்தான் உங்களுது, கால்வாயைச் சேர்த்து இல்ல. எல்லையும் சென்டும் சண்டை போட்டா பொதுவா எல்லைதாம்மா ஜெயிக்கும்."

கோர்ட்டும் பொதுவாக அப்படித்தான் பார்க்கிறது. நிலையாக நிற்கிற எல்லை முதலில், பக்க அளவு அடுத்து, மொத்தப் பரப்பு கடைசியில். இதைப் பத்திர எழுத்தரிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நிலத்தின் மேல் நின்று, ஒன்பதரை அடிக் கரையைக் காலால் காட்டி ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் வந்தது, யாரும் எதிர்பார்க்காதது. மேற்கே எங்கள் வேலி, கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே இருந்தது. டிராக்டர் திரும்பத் திரும்ப வண்டிப்பாதை வயிறு பெருத்து, வேலி தானாக உள்ளே வந்திருக்கிறது. தம்பி இத்தனை வருஷமும் சண்டை போட்டது தப்பான திசையில். கிழக்குப் பக்கத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, டேப்ப நானும் ஒரு பக்கம் புடிக்கட்டா?" என்றார். பிடித்தார்.

அளந்து முடித்ததும் நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளச் சொத்து விவரம் எழுதச் சொன்னோம். இங்கேதான் என் தொழில் கர்வத்துக்கு வேலை வந்தது. நான் வழக்கம்போல "கிழமேல் இருபுறமும் இத்தனை அடி, தென்வடல் இருபுறமும் இத்தனை அடி" என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்றார். நாலு பக்கத்துக்கும் தனித்தனி அளவு, மீட்டரிலும் அடியிலும், கூடவே மூலைமட்டம், அதாவது எதிரெதிர் மூலைக்கு இடையே உள்ள குறுக்களவு. நாலு பக்க நீளம் மட்டும் ஒரு வடிவத்தைக் கட்டிப்போடாது என்பதற்கு அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடித்தது. 30-க்கு 40 மனையில் மூலைமட்டம் 50 அடி வரவேண்டும். அதே நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மூலைமட்டத்தை 48 ஆக்கிவிடலாம். மற்றது 52-க்குக் கிட்ட போய்விடும். பரப்பில் நாலு சதுர அடிதான் குறையும், யாருக்கும் தெரியாது. ஆனால் தெருப்பக்கம் 40 என்றால் பின்பக்கம் இரண்டரை அடி நகர்ந்து அடுத்த வீட்டுச் சந்துக்குள் போய் நிற்கும். சத்துவாச்சாரியில் இந்த மாதிரி இரண்டு கேஸ் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

எல்லைக்கு ஆள் பெயர் எழுதுவதையும் அடித்தார். சர்வே எண்ணும் உட்பிரிவும் முதலில், வேண்டுமானால் பக்கத்தில் பெயர். "ஆள் போயிடுவாரும்மா, வகையறா வளந்துகிட்டே போகும், அப்புறம் எந்தச் சின்னப்பன்னு தேடுவீங்க?" நான் சும்மா விடவில்லை, நம்பரும்தானே நாளைக்கு உடையும், 2ஏ என்பது 2ஏ1, 2ஏ2 ஆகும் என்றேன். சிரித்தார். "அதுக்குத்தான் படத்தையும் பத்திரத்தோட சேருங்க" என்றார். படத்தில் தேதி போட்டு, எந்தெந்தப் பழைய கல்லை ஆதாரமாக வைத்து அளந்தார் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் தட்டச்சு செய்த காலத்தில் இப்படி ஒரு குறிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. படத்தில் எழுத்து எறும்பு சைஸ். கண்ணாடி போட்டும் தெரியவில்லை, பெரிய தாளில் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அளந்த பிறகு படம் கைக்கு வர இழுத்தடிக்கிறார்கள். போன் எடுக்க மாட்டார், அக்கா மகன் எடுப்பான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறவருக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும் சுருக்கெழுத்து வந்துவிடுகிறது, "தெ.மே. கல் பழ." என்றால் தென்மேற்குக் கல் பழையது என்று நான்தான் விரித்து எழுதினேன். கட்டணம் எங்களுக்கு ஆறாயிரம், தோண்டுகிற ஆள் கூலி தனி. செல்போன் பையன் இதில் கால்வாசிக்கு வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை அவரே முதலில் சொல்லிவிடுவார், நானும் சொல்கிறேன். தனியார் அளவையைக் காட்டி உட்பிரிவுப் பட்டா வாங்க முடியாது. பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளாத இடத்தில் சர்க்கார் சர்வேயர் வந்துதான் அத்து, அதாவது எல்லை, காட்ட வேண்டும். அதற்கு இணையத்திலேயே பணம் கட்டி மனு போடலாம். 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளந்து அறிவிப்பு வந்துவிட்டால் அந்த எல்லைதான் முடிவான சான்று, பிடிக்காதவர் 3 வருடத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். பட்டாவும் கிரையப் பத்திரமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, யாருக்குச் சொத்து என்பதே பிரச்சினை என்றால் இவரிடம் போகாதீர்கள், வக்கீலிடம் போங்கள். "யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன்" என்று எங்களிடமும் கறாராகச் சொன்னார்.

கூப்பிடுகிறவர்கள் சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பதினோரு மணிக்குமேல் அவர் வரப்பில் நிற்க மாட்டார், வேலை இரண்டாம் நாளுக்குப் போகும். நிலத்தில் முள் அடர்ந்திருந்தால் மூலைகளை மட்டுமாவது முதல் நாளே வெட்டி வையுங்கள். எல்லைக்கல் அவர் கொண்டுவர மாட்டார். இரண்டடிக்குக் குறையாத கருங்கல்லாக நீங்களே வாங்கிப் போட்டு வைக்க வேண்டும். நான் மரமுளை வாங்கி வைத்திருந்தேன், கரையான் சாப்பிட்டுவிடும் என்று திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.